கதவு தட்டாத ஊர்

வெட்கத்தை அளக்கிற கருவி ஒன்று வந்திறங்கியிருக்கிறது என்ற செய்தி பரவிய அன்று, வடதுறை மார்க்கெட்டில் மீன் வாங்க நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். "கொண்டாந்தவன் கையில முதல்ல கட்டிப் பாக்கச் சொல்லுங்க" என்றாள் மீன்காரி. நானும் வயிறு குலுங்கச் சிரித்தேன். சிரித்துவிட்டு, கொண்டுவந்தவனின் அலுவலகத்துக்கே வேலைக்குப் போனேன். எனக்குச் சோறு போடுவது அந்த அலுவலகம்தான்.

என் பெயர் பியூலா. மொழிபெயர்ப்பாளர். எங்கள் தென்னாழித் தீவில் அந்நியப் படை வந்திறங்கிப் பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. கரைக்காரர்களும் மேட்டுக்காரர்களும் ஒருவரை ஒருவர் வெட்டிக்கொண்டிருந்தபோது, விலக்கிவிடுகிறோம் என்று வந்தவர்கள். விலக்கியும் விட்டார்கள். அதற்குப் பிறகு துறைமுகத்தை எடுத்துக்கொண்டு, விமானதளத்தை எடுத்துக்கொண்டு, கிளம்ப மறந்துவிட்டார்கள். ஊரில் யாரும் அவர்களைப் படை என்று சொல்வதில்லை. விருந்தாளி என்றுதான் சொல்வோம். விருந்தாளியின் மொழியை அவர்கள் நாட்டிலேயே போய்ப் படித்தவள் நான். சண்டை நடந்த வருடம் முழுக்க அங்கேதான் இருந்தேன். யாரைப் புதிதாகப் பார்த்தாலும் இதை முதலில் சொல்லிவிடுவேன்: "நான் அப்போ ஊர்லயே இல்ல."

என் மேலதிகாரி மேஜர் ஒர்டேன் கெட்டவர் இல்லை. அதுதான் எரிச்சல். திறந்திருக்கும் கதவைக்கூட இரண்டு தட்டு தட்டிவிட்டுத்தான் உள்ளே வருவார். அவர்கள் ஊர் மரியாதை அது. ஒவ்வொரு தடவையும் எங்கள் குமாஸ்தாக்கள் பாம்பைக் கண்டதுபோலத் துள்ளுவார்கள்.

"உங்கள் ஊரில் ஏன் யாரும் கதவைத் தட்டுவதில்லை?" என்று ஒருநாள் கேட்டார். "ஓலைக் குடிசையில்கூடக் காலிங் பெல் வைத்திருக்கிறார்கள்."

"வசதிதான்" என்றேன். உண்மையில் அப்படித்தான் நினைத்திருந்தேன். நான் படிப்பு முடித்துத் திரும்பி வந்தபோது தெருவில் எல்லா வீட்டிலும் பெல் வந்திருந்தது. எங்கள் வீட்டிலும். அப்பா நாள் முழுக்க ரேடியோவைச் சன்னமாக வைத்துக்கொண்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். பெல் அடித்தால் எழுந்து வருவார். பெல் கெட்டுப்போன நாளில் யாராவது தட்டினால் வரமாட்டார். காது மந்தம் என்று நானே முடிவுசெய்து வைத்திருந்தேன்.

கருவிக்கு அவர்கள் வைத்த பெயரை நான் 'நெஞ்சுமானி' என்று மொழிபெயர்த்தேன். ஊர் அதை வெக்கமானி ஆக்கிவிட்டது. மணிக்கட்டில் ஒரு பட்டை, காதுக்குப் பின்னால் ஒட்டுகிற ஒரு சின்ன வில்லை, எதிரே ஒரு திரை. கட்டிக்கொண்டவருக்கு உள்ளே வெட்கம் ஏறினால் திரையில் வெள்ளை வெளிச்சம் பால் பொங்குவது மாதிரி ஏறும். பாதிக்கு மேலே ஒரு சிவப்புக் கோடு.

"இதற்கு முன்னால் இரண்டு சமாதான ஒப்பந்தம் போட்டீர்கள்" என்றார் மேஜர். "இரண்டையும் சிரித்துக்கொண்டே கையெழுத்திட்டு, மை காய்வதற்குள் உடைத்தீர்கள். அதனால் இந்தத் தடவை கையெழுத்து வேண்டாம். இரண்டு தலைவர்களும் மக்கள் முன்னால் எதிரெதிரே நின்று மன்னிப்புக் கேட்கட்டும். இரண்டு பேரும் கோட்டைத் தாண்டினால் துறைமுகம் உடனே உங்களுக்கு. அடுத்த மழைக்குள் நாங்கள் கப்பல் ஏறிவிடுவோம். ஒருவர் தாண்டாவிட்டாலும் இன்னும் ஐந்து வருடம்."

"இந்தக் கருவிக்கு வெட்கம் என்றால் என்னவென்று யார் சொல்லிக்கொடுத்தார்கள்?"

"எங்கள் நாட்டுக் கைதிகள். விசாரணையில் குற்றத்தை ஒப்புக்கொண்டபோது அவர்கள் உடம்பில் என்னென்ன நடந்தது என்று பதிவு செய்தோம். ஆயிரக்கணக்கான பேர்."

"அப்போது அவர்கள் கைகளைக் கட்டி வைத்திருந்தீர்களா?"

"விசாரணையில் கட்டத்தானே செய்வார்கள்?" என்றார் மேஜர், நான் ஏதோ விவரமில்லாமல் கேட்டதுபோல.

மன்னிப்பு வாசகத்தை அவர்கள் மொழியில் அவரே எழுதியிருந்தார். அலுவலக இயந்திரம் அதைத் தமிழாக்கித் தந்தது. முதல் வரியைப் படித்ததுமே எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 'நாம் உப்பளக் கொட்டகைக்குத் தீ வைத்தோம். நாம் வெட்கப்படுகிறோம்.'

"மேஜர், இதை இப்படியே படித்தால் மறுபடி வெட்டுக்குத்துதான். 'நாம்' இல்லை, 'நாங்கள்'."

"இரண்டும் ஒன்றுதானே?"

"உங்களுக்கு ஒன்று. 'நாம்' என்றால் கேட்டுக்கொண்டிருப்பவரும் அதற்குள்ளே. 'நாங்கள்' என்றால் கேட்பவர் வெளியே. கொட்டகையில் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்களைப் பார்த்து 'நாம் தீ வைத்தோம்' என்றால், நீங்களும் சேர்ந்துதான் வைத்தீர்கள் என்று அர்த்தம்."

அவர், "அப்படியானால் நான் எதற்குள் வருவேன்?" என்று கேட்டார்.

"விருந்தாளி எதற்குள்ளும் வரமாட்டார்" என்றேன். அவர் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

ஒத்திகைக்கு முதலில் வந்தவர் மேட்டுக்காரர்களின் தலைவி உலகம்மாள். ஐம்பது வயதைத் தாண்டியவர், சுங்குடிச் சேலை, காலில் தேய்ந்த ரப்பர் செருப்பு. சண்டையின்போது மேட்டு அணையின் மதகை அடைத்து, கரைக்கு நல்ல தண்ணீர் வராமல் செய்தவர்கள் அவர்கள். உப்புத் தண்ணீரைக் குடித்துக் கரையில் குழந்தைகள் செத்தன. உலகம்மாள் பட்டையைக் கட்டிக்கொண்டு முதல் வரியைச் சொல்வதற்குள் வெளிச்சம் கோட்டைத் தாண்டி உச்சியில் போய் நின்றது. மேஜர் எழுந்தே நின்றுவிட்டார்.

வெளியே தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் தம்ளரை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டிருந்தாரே தவிர குடிக்கவில்லை.

"மதகை அடைக்கச் சொன்னது நாந்தான் தாயி. வேற யாரும் இல்ல. அன்னையிலேருந்து தண்ணிய வாயில வைக்கும்போதெல்லாம் இந்தக் கூத்துதான். இதுக்கு ஒரு மிசினு வேணுமாக்கும்?" என்றவர், என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீ கரைக்காரியா? எந்தத் தெரு?"

"உப்பளத் தெரு. ஆனா நான் அப்போ ஊர்லயே இல்ல."

"எந் தங்கச்சி அந்தக் கொட்டகையிலதான் இருந்தா. ரெண்டு பிள்ளையளோட" என்று மட்டும் சொன்னார்.

எங்கள் தெரு முடிகிற இடத்தில்தான் அந்தக் கொட்டகை இருந்தது. தகரம் அடித்தது. மேட்டில் சண்டை முற்றியபோது பெண்களும் பிள்ளைகளுமாக இறங்கி வந்து அதில் ஒண்டியிருந்தார்கள். கரைப்படைப் பையன்கள் வெளியே கொண்டியைப் போட்டுத் தீ வைத்துவிட்டார்கள். அந்தப் பையன்களில் பலர் பின்னால் சண்டையில் செத்தும் போனார்கள். வாசகத்தில் இருந்தது இவ்வளவுதான். எனக்குத் தெரிந்ததும் இவ்வளவுதான்.

மறுநாள் எங்கள் தலைவர் ஞானசிகாமணி வந்தார். ஊருக்கே அண்ணாச்சி. சண்டைக்கு முன்னால் நகராட்சித் தலைவர், இப்போது இடைக்கால அரசின் தலைவர். எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளித்தான் குடியிருக்கிறார். அப்பாவும் அவரும் ஒருகாலத்தில் தினமும் ஒன்றாக டீக்கடைக்குப் போனவர்கள். இப்போது எதிரெதிரே வந்தால் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு போவார்கள். அரசியல் என்று நினைத்திருந்தேன்.

சிப்பாய் ஒருவன் அவர் கையைப் பிடித்து இழுத்துச் சட்டைக் கையை மடக்கினான். தோள் துண்டை உருவி மேசையில் போட்டான். "செருப்பைக் கழற்றச் சொல்லு" என்றான் என்னிடம். அறுபது வயது மனிதர் குனிந்து செருப்பைக் கழற்றினார். அந்த நிமிடம் வெளிச்சம் குபீரென்று ஏறிக் கோட்டைத் தாண்டியது.

"பேசுவதற்கு முன்பே வெட்கப்படுகிறார்!" என்று மேஜருக்கு வாயெல்லாம் பல்.

ஆனால் அண்ணாச்சி வாசகத்தைப் படிக்கத் தொடங்கியதும் வெளிச்சம் இறங்கிவிட்டது. "நாங்கள் உப்பளக் கொட்டகைக்குத் தீ வைத்தோம். நாங்கள் வெட்கப்படுகிறோம்." கருவி செத்துக் கிடந்தது. மறுபடி படித்தார். மூன்றாம் தடவை உரக்கப் படித்தார். அவர் முகம் மட்டும் கல்லாகிக்கொண்டே போனது.

திரும்பும்போது காரில் என்னையும் ஏற்றிக்கொண்டார்.

"ஏம்மா, எந்த இடத்துல ஏறிச்சு?"

"செருப்பக் கழட்டும்போது அண்ணாச்சி."

"படிக்கும்போது?"

"இல்ல."

"தீ வச்சவன் நானில்லம்மா. வைக்கச் சொன்னவனும் நானில்ல. அந்த வரிய வாசிச்சா எனக்கு உள்ள ஒண்ணும் வர மாட்டங்கு." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அங்கே விருந்தாளியின் கொடி பறந்துகொண்டிருந்தது. "சரி, ஒண்ணு செய்யி. விழா அன்னைக்கு நான் பேசி முடிக்கிற வரைக்கும் அந்தச் சிப்பாய்ப் பய எம் பிடரியப் பிடிச்சிக்கிட்டு நிக்கட்டும். துண்டு, செருப்பு எல்லாத்தையும் சனங்களுக்கு முன்னாலயே உருவச் சொல்லு."

"அண்ணாச்சி, அது வெக்கம் இல்ல. அவமானம்."

"மிசினுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"பொறவு என்ன? இவனுவ போகணும்லா?"

நான் மேஜரிடம் போய், தலைவருக்கு ரத்த அழுத்தம், தலைசுற்றல் வரும், பின்னால் ஒருவர் கழுத்தைத் தாங்கிப் பிடித்தால் நல்லது என்று சொன்னேன். அவர் மிகுந்த அனுதாபத்தோடு சம்மதித்தார். நாட்டுக்காகச் செய்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

விழா துறைமுக மைதானத்தில் நடந்தது. ஒரு பக்கம் கரைக்காரர்கள், ஒரு பக்கம் மேட்டுக்காரர்கள், நடுவில் கயிறு. உலகம்மாள் பேசினார். அவருடைய வெளிச்சம் உச்சிக்குப் போனது. கரைப் பக்கத்தில் பிள்ளையைப் பறிகொடுத்த ஒருத்தி உரக்க அழுதாள்.

அடுத்து அண்ணாச்சி. ஆயிரம் பேர் முன்னால் துண்டை உருவினார்கள். செருப்பைக் கழற்றவைத்தார்கள். இருபது வயது சிப்பாய் அவர் பிடரியில் கை வைத்தான். தலை குனிந்தது. எங்கள் ஆண்கள் பல்லைக் கடித்தார்கள். அவரைத் திட்டி வளர்ந்தவர்கள்கூட அழுதார்கள். வெளிச்சம் கோட்டுக்கு மேலே ஏறி அங்கேயே நின்றது. அவர் படித்தார்.

"நாங்கள் உப்பளக் கொட்டகைக்குத் தீ வைத்தோம்." அடுத்த வரிக்கு முன் மூச்சு வாங்கினார். "நாம் வெட்கப்படுகிறோம்."

மேட்டுப் பக்கத்தில் சலசலப்பு. "நாமா? நாங்க எதுக்குலே வெக்கப்படணும்?" என்று ஒருவன் கத்தினான். கயிறு ஆடியது. வாய் தவறி வந்ததோ என்னவோ, அன்று அவர் சொன்னதில் மனசிலிருந்து வந்த சொல் அது ஒன்றுதான். கொட்டகைக்காக அவர் வெட்கப்படவில்லை. நாம் எல்லாரும் இப்படி இவன் கைக்குக் கீழே நிற்கிறோமே என்றுதான் அந்த மனிதர் கூசிப்போயிருந்தார்.

எல்லாம் உலகம்மாளின் பதிலில் தொங்கியது. அவர் கையை உயர்த்தித் தன் ஆட்களை அடக்கினார். அண்ணாச்சியின் குனிந்த தலையை, அதன்மேல் இருந்த கையை, திரையை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"சரி. ஒத்துக்கிடுதோம்" என்றார். "ஆனா அண்ணாச்சி, நீங்க 'நாம்'னுதான் சொன்னிய. 'நாங்க'ன்னு சொல்லதக் கேக்க ஒருநாள் வருவேன். இவனுவ போனபொறவு."

"என்ன சொல்கிறார்?" என்று மேஜர் என் காதருகே கேட்டார்.

"ஏற்றுக்கொண்டோம் என்கிறார்" என்றேன். மேஜர் கைதட்டினார். மைதானமே கைதட்டியது.

மழைக்கு முன்னாலேயே கப்பல்கள் போயின. மேஜர் என்னிடம் வந்து கைகுலுக்கி, எங்கள் சமரசம் தன் வாழ்நாளின் பெருமை என்றார். கருவியை ஒரு பெட்டியில் வைத்து நினைவுப் பரிசாகக் கொடுத்தார். கடைசிக் கப்பல் கண்ணுக்கு மறைந்தபோது வடதுறையே வெடி போட்டுக் கொண்டாடியது. நானும் போட்டேன். வேலை போன எனக்கு அண்ணாச்சி தன் துறைமுக அலுவலகத்தில் ஒரு நாற்காலி கொடுத்தார்.

அந்த வாரமே ஒரு பகல் பொழுதில், அலுவலகத்தின் தகரக் கதவை யாரோ தட்டினார்கள்.

பெல் அடிக்கவில்லை. தட்டினார்கள். குமாஸ்தா எழுந்து நின்றான், எதற்கு எழுந்தோம் என்று தெரியாமல் சுவரைப் பார்த்தான். அண்ணாச்சியின் முகத்தில் ரத்தமே இல்லை.

"வெளிய பெல்லு இருக்குல்லா?" என்றார். அவர் குரல் மாதிரியே இல்லை.

மறுபடி தட்டினார்கள். இந்தத் தடவை உள்ளங்கையால், விடாமல். தகரம் அதிர்ந்தது.

"நான் போய்ப் பாக்கேன்" என்று எழுந்தேன்.

"நீ இரி. நான் தொறக்கேன்."

மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்து போனார். கொண்டியில் கை வைத்தார். கொண்டி கடகடவென்று சத்தம் போட்டது. ஒருவழியாகத் திறந்தார். வாசலில் உலகம்மாள் தனியாக நின்றார்.

"தொறக்க இவ்வளவு நேரமா அண்ணாச்சி?"

அவர் தன் சட்டைக் கையை மடக்கத் தொடங்கினார். மடக்கிவிட்டுக் கையை நீட்டினார். பழக்கம்தான். கருவிப் பெட்டி அலமாரியில் இருந்தது, யாரும் அதைத் தொடவில்லை.

"கையக் கீழ போடுங்க. கட்டுததுக்கு ஆளு இல்ல. போயிட்டாவ" என்றார் உலகம்மாள். "சொல்லுங்க."

"தீ வச்சது அந்தப் பயலுவதான். அதுல பொய் இல்ல." அண்ணாச்சி துண்டின் நுனியைப் பிடித்துக்கொண்டார். "ஆனா கொண்டியப் போட்டுட்டு எண்ணெய் எடுக்கப் போயிட்டானுவ. திரும்பி வர ரொம்ப நேரமாச்சு. அவ்வளவு நேரமும் கதவு தட்டுற சத்தம். காவலுக்கு ஒருத்தனும் இல்ல. பூட்டும் இல்ல, வெறுங் கொண்டி. யாரு போயி எடுத்துவிட்டாலும் தொறந்திருக்கும். நம்ம தெரு முழுக்கச் சத்தம் கேட்டுது."

"யாரு தெரு?"

அண்ணாச்சி தலையை நிமிர்த்தினார்.

"எங்க தெரு" என்றார். "எங்க தெரு முழுக்கக் கேட்டுது. நாங்க போகல. நாங்க கதவப் பூட்டிக்கிட்டு உள்ள இருந்தோம். சத்தம் கேக்காம இருக்க, வீட்டுக்கு வீடு ரேடியோவச் சத்தமா வச்சோம்."

அவர் காதும் கழுத்தும் சிவந்துபோயிருந்தன. யாரும் அவரைப் பிடித்திருக்கவில்லை. காலில் செருப்பும் தோளில் துண்டும் இருந்தன. கூசிப்போய் நின்றார்.

"எந் தங்கச்சிக்குக் கை பலம் உண்டு" என்றார் உலகம்மாள். "நல்லாத் தட்டியிருப்பா."

பிறகு என் பக்கம் பார்த்தார். நான் அப்போ ஊர்லயே இல்ல. அந்த வாக்கியம் நாக்கு நுனிவரை வந்தது. எத்தனை வருடமாக எத்தனை பேரிடம் சொன்னது. இப்போது வெளியே வரவில்லை. எங்க தெரு என்று அவர் சொன்னபோது அந்த 'எங்க'வுக்குள் என் வீடும் இருந்தது. எனக்கு முகமெல்லாம் எரிந்தது.

உலகம்மாள் மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. "கேக்கத்தான் வந்தேன். வாரேன்" என்று சொல்லிப் படி இறங்கிப் போனார்.

சாயங்காலம் நடந்தே வீட்டுக்குப் போனேன். தெருவில் வரிசையாக எல்லா வாசலிலும் வெள்ளைப் பொத்தான்கள். வெள்ளையடிக்க வழியில்லாத வீட்டிலும் பெல். எங்கள் வீட்டு ஜன்னல் வழியே ரேடியோ சன்னமாகப் பாடிக்கொண்டிருந்தது. பெல்லில் விரலை வைத்தேன். அழுத்தாமல் எடுத்துவிட்டேன்.

கதவைத் தட்டினேன்.

உள்ளே நாற்காலி நகர்ந்தது. அப்பாவுக்குக் காது நன்றாகவே கேட்கிறது. அவர் எழுந்து வருவார் என்று ஒரு நிமிடம் நம்பினேன்.

ரேடியோவின் சத்தம் கூடியது.

நான் தட்டிக்கொண்டே இருந்தேன்.